பழைய வில்லையும் புதிய கமராவும்

முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்தவர்களின் வீடுகளிலும், வெளிநாட்டிலிருந்து உறவினர் கமரா கொண்டுவந்து கொடுத்த வீடுகளிலும் பழைய பிலிம் கமராக்கள் இன்றும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. பிலிம் சுருள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அவற்றைப் பயனற்றவை என ஒதுக்கிவிட்டோம். கமராவின் பெட்டி பயனற்றுப் போயிருக்கலாம். ஆனால் அதன் முன்னால் பூட்டியிருக்கும் வில்லை பயனற்றுப் போகவில்லை. அதனை இன்றைய 'மிரர்லெஸ்' எனப்படும் ஆடியற்ற டிஜிற்றல் கமராவில் பூட்டிப் படமெடுக்கலாம். எவ்வாறு அது சாத்தியமாகிறது, எவற்றைக் கவனிக்க வேண்டும், எமக்கு அதனால் என்ன நன்மை என்பவற்றை நாம் உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் பாடத்தைக் கொண்டே விளக்க முயல்கின்றேன்.

ஒளியின் விதி மாறவில்லை

கி.பி. 984 அளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற அறிஞர், ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குச் செல்லும்போது எவ்வாறு வளைகிறது என்பதை ஆராய்ந்து வில்லைகளின் வடிவத்தைக் கணித்தார். அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதனாலேயே நாம் பார்க்கிறோம் என்பதைத் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். இருட்டறையின் சிறு துவாரத்தினூடாக வரும் ஒளி தலைகீழ் விம்பத்தைத் தோற்றுவிப்பதையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய கமராவும் அத்தகைய ஓர் இருட்டறையே. துவாரம் இருந்த இடத்தில் வில்லை இருக்கிறது. சுவர் இருந்த இடத்தில் முன்பு பிலிம் இருந்தது, இப்போது இலத்திரனியல் உணரி இருக்கிறது. விம்பம் விழும் மேற்பரப்புத்தான் மாறியதே தவிர, விம்பத்தை உண்டாக்கும் விதி மாறவில்லை.

ஒரே ஒரு தூரம்

வில்லை எங்கு பூட்டப்படுகிறதோ அந்த உலோக முகத்துக்கும் பிலிமுக்கும் இடையே ஒவ்வொரு கமரா வகைக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. வில்லையைத் தயாரிப்பவர் இத்தூரத்தை நம்பியே அதனை அமைக்கிறார். 1959 இல் வந்த நிக்கொன் எஃப் வகையில் இது 46.5 மில்லிமீற்றர். பென்ரக்ஸ் கே வகையிலும், திருகிப் பூட்டும் எம் 42 வகையிலும் 45.46 மில்லிமீற்றர். மினோல்ராவில் 43.5. கெனன் எஃப்டியில் 42.

இத்தூரம் இவ்வளவு அதிகமாக இருந்ததற்குக் காரணம், வில்லைக்கும் பிலிமுக்கும் இடையில் சாய்வாக ஓர் ஆடி இருந்தமையே. படமெடுப்பவர் அந்த ஆடியின் மூலமே காட்சியைப் பார்த்தார். புதிய கமராக்களில் உணரியில் விழும் விம்பமே திரையில் தெரிவதால் ஆடி தேவையில்லை, தூரமும் குறைந்துவிட்டது. 2013 இல் சோனி ஏ7 வந்தபோது அதன் தூரம் 18 மில்லிமீற்றர். 2018 இல் வந்த நிக்கொன் இஸட் வகையில் 16, கெனன் ஆர்எஃப் வகையில் 20.

இனிக் கழித்துப் பாருங்கள். 46.5 இலிருந்து 18 ஐக் கழித்தால் 28.5. அதாவது 28.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உலோக வளையம் ஒன்றை நடுவில் வைத்தால், நிக்கொன் வில்லை தன் பழைய கமராவில் இருந்த அதே தூரத்தில் சோனி உணரிக்கு முன்னால் நிற்கும். இவ்வளையமே அடப்டர். அதற்குள் கண்ணாடியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. அது வெறும் இடைவெளிதான்.

ஆடியுள்ள டிஜிற்றல் கமராவில் இது எளிதன்று. எம் 42 வில்லை ஒன்றை நிக்கொன் எஃப் கமராவில் பூட்டினால் வில்லை குறைந்தது 1.04 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லைக்கு, குவியத்தூரத்தின் வர்க்கத்தை (2500) இந்த 1.04 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் வரும். எனவே இரண்டரை மீற்றருக்கு அப்பாலுள்ள எதுவும் தெளிவாக விழாது. முகத்தை எடுக்கலாம், குளத்தின் அக்கரையை எடுக்க முடியாது.

பத்திலொரு மில்லிமீற்றர்

மாமாவின் 50 மில்லிமீற்றர் நிக்கொன் வில்லையை இரவல் பெற்ற சோனி கமராவில் பூட்டுவதற்கு முன்னர், அடப்டரை வேணியர் இடுக்கிமானியால் மூன்று இடங்களில் அளந்தேன். எமது ஆய்வுகூட இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை 0.1 மில்லிமீற்றர். மூன்று இடங்களிலும் 28.4 என வந்தது. இருக்க வேண்டியதைவிட 0.1 குறைவு.

இது பிழையான அடப்டரா? கணித்துப் பார்த்தால் விளங்கும். அடப்டர் 0.1 மில்லிமீற்றர் தடித்திருந்தால், 2500 ஐ 0.1 ஆல் வகுக்க 25,000 மில்லிமீற்றர், அதாவது 25 மீற்றர் வருகிறது. அதற்கு அப்பாலுள்ள வயலும் பனையும் எவ்வளவு திருப்பினாலும் கூர்மையாக வராது. மாறாக 0.1 மெலிந்திருந்தால், வளையத்திலுள்ள முடிவிலிக் குறிக்குச் சற்று முன்னரே தூரக்காட்சி தெளிந்துவிடும். வளையத்தின் தூர எண்கள் மட்டும் சற்றுப் பொருந்தாது. எனவே மெலிந்தது பரவாயில்லை, தடித்ததுதான் குறை. திரையைப் பார்த்துக் குவியப்படுத்துபவருக்கு வளையத்தின் எண்கள் பெரிதாகத் தேவைப்படுவதுமில்லை.

'புல் பிரேம்' எதற்கு?

பழைய பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மில்லிமீற்றர். 'புல் பிரேம்' கமராவின் உணரியும் இதே அளவு. ஆகவே பழைய வில்லை அன்று காட்டிய பரப்பு முழுவதையும் இன்றும் காட்டும். சிறிய உணரியுள்ள கமராக்களிலும் அதே வில்லையைப் பூட்டலாம். ஆனால் ஓரங்கள் வெட்டுப்படுவதால் 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் வில்லைபோல நடந்துகொள்ளும். முகப்படத்துக்கு அது நல்லது. சிறிய அறைக்குள் குடும்பத்தைச் சேர்த்து எடுக்க இடம் போதாது.

படமெடுக்கும் முறை

1. கமரா, அடப்டருக்கு முன்னாலுள்ளதை வில்லையென அறியாது. 'வில்லையின்றிப் படமெடுத்தல்' என்ற தெரிவை மெனுவில் இயக்க வேண்டும்.

2. அசைவைத் தடுக்கும் வசதி கமராவின் உடலில் இருந்தால், வில்லையின் குவியத்தூரத்தை நாமே பதிய வேண்டும்.

3. துவார வளையத்தை முழுதாகத் திறந்து, திரையில் காட்சியைப் பெருப்பித்து, மனிதராயின் கண் இமை மயிரில் குவியப்படுத்த வேண்டும். அதன் பின்னரே துவாரத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்க வேண்டும்.

4. ஓடும் பிள்ளைகளைத் துரத்திக் குவியப்படுத்த இயலாது. 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 8 இல் வைத்துப் பத்தரை மீற்றரில் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 5 மீற்றரிலிருந்து தொலைவு வரை யாவும் ஏற்கத்தக்க தெளிவுடன் இருக்கும். விளையாட்டுப் போட்டிக்கு இம்முறை கைகொடுக்கும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

மாரி காலத்தில் வன்னியின் ஈரப்பதம் வில்லைக்குப் பகை. இருட்டான உறைக்குள் பல வருடம் கிடந்த வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பார்த்தால் அது சிலந்திவலை போலத் தெரியும். சில தூசித் துணிக்கைகளால் படத்துக்குக் கேடில்லை. பூஞ்சணமும் வெண்புகை போன்ற படலமும் இருந்தால் படம் மங்கும். துவாரத் தகடுகளில் எண்ணெய் படிந்துள்ளதா, துவாரத்தை மாற்ற வில்லையிலேயே வளையம் உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். கெனன் ஈஎஃப் வில்லைகளில் துவாரம் மின்சாரத்தால் இயங்குவதால் சாதாரண அடப்டர் அவற்றுக்கு உதவாது. நல்ல வில்லையைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்தால் நீண்டகாலம் இருக்கும்.

எமக்கு இது ஏன் தேவை?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து சென்றவர்கள் கையில் கொண்டுபோனவை சொற்பம். பல குடும்பங்களின் அல்பங்கள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. எனது உம்மும்மாவின் கல்யாணப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. 2009 வரையான யுத்தத்தில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதையும் இதுவே. படம் இல்லாத வீட்டில், பார்த்திராத மூத்தவர்களின் முகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. இனி எடுப்பவற்றையாவது நன்றாக எடுத்துப் பேணலாம்.

இன்னொன்றும் உண்டு. எமது கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் ஆண் படப்பிடிப்பாளர் வருவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. அதனால் அங்கு எடுக்கப்படுபவை பெரும்பாலும் அவசரமாகத் தொலைபேசியில் எடுத்த மங்கலான படங்களே. எஃப் 2 துவாரமுள்ள பழைய வில்லை, எஃப் 5.6 இல் எடுப்பதைவிட ஏறத்தாழ 8 மடங்கு ஒளியை உள்ளே விடும். மின்குமிழ் வெளிச்சமே போதும். அதனைப் பயன்படுத்தத் தெரிந்த பெண் பிள்ளை ஒருத்தி, மரியாதையும் மறைவும் கெடாமல் மணமகளையும் மூத்தவர்களையும் படமெடுத்துக் கொடுக்கலாம். அனுமதி கேட்டு எடுப்பதும், எடுத்ததைப் பிறருக்கு அனுப்பாமல் உரியவரிடமே ஒப்படைப்பதும் அவளது அமானிதம்.

பெற்றோர்களே, கமரா பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டாம். நான் இங்கு செய்த கணக்குகள் யாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. சகோதரிகளே, வீட்டிலுள்ள பழைய கமராவைப் பழைய இரும்போடு கொடுக்கும் முன் வில்லையைக் கழற்றி, அதன் வளையத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வகை எதுவெனத் தெரிந்தால் கழித்தல் ஒன்றே மீதி.