மலர்மணமும் மாதர் குணமும்

நறுமணத்தை விரும்பாத மக்கள் உலகில் இலர். மகளிர் கூந்தலில் மலர் சூடுதலும் மேனியில் வாசனை பூசுதலும் பல நாடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்களாம். இவ்வழக்கங்களோடு ஒரு கருத்தும் உடன் வளர்ந்துள்ளது. மல்லிகை மணம் கமழ்பவள் அடக்கமுடையவள். ரோஜா மணம் கமழ்பவள் காதல் நெஞ்சினள். கஸ்தூரி பூசியவள் செருக்குடையவள் என்றாற்போல, பூசிய மணத்தைக்கொண்டு பூசியவளின் குணத்தை அளந்துவிடலாம் என்பதே அக்கருத்து. வாசனைப் புட்டிகளை விற்போரும் தத்தம் விளம்பரங்களில் இதனையே பறைசாற்றுகின்றனர். இக்கருத்து ஆராய்ச்சிக்கு நிற்குமா? இதனைச் சிறிது சிந்திக்கப் புகுந்த யாம், நம் மாநிலத்துச் சேர்வராயன் மலையிலேயே இதற்கு விடை மலர்ந்திருக்கக் கண்டோம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அங்கே சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக்கொடி படர்ந்த சூழலில், காப்பித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. காப்பிச் செடியின் அரும்புகள் வறண்ட நாட்களில் வளர்ச்சியின்றி உறங்கிக் கிடக்கும். கோடையின் தொடக்கத்தில் நல்ல மழை ஒன்று பெய்யுமாயின், அதற்கு 8 அல்லது 10 நாட்களுக்குப் பின் அவை யாவும் ஒருங்கே மலர்ந்து, தோட்டம் முழுதும் வெண்மை போர்த்து விளங்கும். அவ்வழகு இரண்டு மூன்று நாட்களே நிற்கும். அந்நாட்களில் காற்றில் வரும் மணத்தைக் கண்மூடி நுகர்வோர், அருகில் மல்லிகைப் பந்தல் உண்டோ என ஐயுறுவர். ஆயினும் காப்பி மல்லிகைக்கு உறவன்று. வெட்சியும் நுணாவும் சார்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பர் தாவர நூலார்.

ஈண்டுத்தான் நம் வினா கூர்மையடைகின்றது. முல்லை, மல்லிகை, மௌவல், தளவம் முதலிய மலர்களைத் தமிழ் மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வந்துள்ளனர். தலைவன் வரும்வரை ஆற்றியிருக்கும் மனைவியின் ஒழுக்கத்திற்கு முல்லை என்றே பெயரிட்டனர். மணவறையிலும் வழிபாட்டிலும் மல்லிகையைச் சேர்த்தனர். ஆகவே அம்மணம் எழுந்தவுடன் மங்கலமும் மனைமாட்சியும் நம் நினைவிற்கு வருகின்றன. காப்பி மலருக்கோ இத்தகைய வரலாறு இல்லை. அது 1820-களில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவரால் ஏற்காட்டிற் பயிராக்கப்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் அதற்கு இடமில்லை. கூந்தலில் அதனைத் தொடுத்துச் சூடும் வழக்கமும் எழவில்லை. காப்பித் தோட்டத்தில் நாள்முழுதும் உழைத்து மீளும் ஒரு பெண்ணின் ஆடையில் அம்மணம் படிந்திருப்பினும், அதுகொண்டு அவளை அடக்கமுடையவள் என்றோ, காதல் நெஞ்சினள் என்றோ கூறுவார் யாவர்? மணம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றிற்குப் பொருள் உண்டு, மற்றொன்றிற்கு இல்லை. எனவே, பொருள் மணத்தில் உறைவதன்று. வழக்கம் அதன்மேல் ஏற்றியதே என்பது தெளிவாம்.

மலரின் உள்ளியல்பை நோக்கினும் இம்முடிபே வலியுறும். மலர் மணப்பது வண்டையும் பிற பூச்சிகளையும் அழைத்துத் தன் இனத்தைப் பெருக்குதற்பொருட்டு. மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசிட்டேட், லினாலூல் முதலிய பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் இன்டோல் என்பதும் ஒன்று. மிகச் சிறிய அளவில் மலரின் இனிமைக்குத் துணைசெய்யும் இப்பொருள், அளவு மிகுந்தவிடத்துத் தீநாற்றமாம். அளவு மாறினால் நறுமணமே நாற்றமாகுமாயின், அதனைக் குணத்தின் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம்?

இனி, இவ்வழக்கம் நாட்டுக்கு நாடு வேறுபடுதலையும் காண்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், நற்குடிப் பெண்டிர்க்கு மெல்லிய மலர்நீர் போதும்; கஸ்தூரி போன்ற கனத்த மணம் தகாது என்று கருதினர். நம் நாட்டிலோ கஸ்தூரி இறைவழிபாட்டிலும் இடம்பெற்ற பொருள். 1930-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ழான் பட்டூ நிறுவனத்தார், மல்லிகையினத்து மலரையும் ரோஜாவையும் முதன்மையாகக்கொண்ட ‘ஜாய்’ என்னும் வாசனையை வெளியிட்டு, உலகிலேயே விலைமிக்கது என்று விளம்பரப்படுத்தினர். நம் ஊரில் முழக்கணக்கில் வாங்கும் மலரின் இனம், அங்கே செல்வச் சிறப்பின் அடையாளமாயிற்று. மலர் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த சொல்லே மாறிற்று.

பெண்டிர் கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்று பாண்டியன் அவையில் எழுந்த வழக்கைத் திருவிளையாடற் புராணத்திற் கற்றோர் அறிவர். இறைவனும் நக்கீரரும் எதிர்நின்று வாதிட்ட அவ்வரலாற்றை யாம் பன்முறை வியந்துள்ளோம். ஆயினும் ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. ஐயத்திற்குக் காரணமான கூந்தல் அரசியினுடையது. அவ்வரசியை ஒரு சொல் வினவியதாகக் கதை கூறவில்லை. பெண்ணின் மணத்தைப்பற்றிப் பேசுவோர் பலர். அவளைக் கேட்போர் சிலர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையாயின் யாம் இத்துணை விரித்தல் வேண்டா. மலருக்குப் பொருள் கற்பித்த வழக்கமே, கணவனை இழந்த மகளிர்க்கு மலரையும் சாந்தையும் மறுத்தது. நேற்றுவரை சூடிய மல்லிகை, ஒருநாளில் அவளுக்கு விலக்காயிற்று; அவள் குணம் ஒருநாளில் மாறியதுண்டோ? இவ்விலக்கின் நிழல் இன்றும் நம் இல்லங்களிலிருந்து முற்றும் நீங்கவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் இத்தகைய தீர்ப்பு ஒன்று காணப்படுகின்றது. பெத்தானியா ஊரினளாகிய மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது வீடு முழுவதும் மணந்தது. யூதாசோ அதன் விலை 300 பணம் எனக் கணக்கிட்டு அவளைக் குறைகூறினான். அவர் அவன் கணக்கை ஏற்காது, அவளைத் தடுக்கவேண்டாவெனக் கூறி, அவள் செயலின் கருத்தை எடுத்துக்காட்டினார். தைலத்தை நோக்கினவன் விலையைக் கண்டான். அவளை நோக்கினவர் அன்பைக் கண்டார்.

அங்ஙனமாயின் மணம் நமக்கு ஒன்றும் உணர்த்தாதோ எனின், உணர்த்தும். முகர்ந்த மணம் மூளையில் உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளை விரைந்து எட்டுகின்றது என்பர் அறிவியலார். ஆதலின், ஒருத்தி சூடிய மலர் நம் நெஞ்சில் எழுப்புவது நம் அன்னையின் நினைவாகலாம். நாம் கண்ட திருமணத்தின் நினைவாகலாம். அந்நினைவு நம்முடையது, அவளுடைய குணமன்று. அவள் மல்லிகையை விரும்பியது, மணம் இனிது என்னும் ஒரே காரணத்தாலும் இருக்கலாம். அவ்வின்பமே போதிய காரணமன்றோ?

ஆகவே, நண்பர்காள், மலரை வெறுத்தலும் வேண்டா. வாசனையைப் பழித்தலும் வேண்டா. சூட விரும்புவோர் சூடுக, விரும்பாதோர் விடுக, எவர்க்கும் அவை மறுக்கப்படாதிருக்க. குணத்தை அறிய விரும்புவோர் சொல்லையும் செயலையும் நோக்குவாராக. பாடுவாரும் சூடுவாரும் இன்றியே ஏற்காட்டுக் காப்பி மலர் ஆண்டுதோறும் மணக்கின்றது. அம்மணத்தின் இனிமைக்கு நம் விளக்கவுரை வேண்டப்படவில்லை.