முதலில் இடத்தை அளந்து பார்

அன்புத் தங்கைக்கு,

ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருக்கும் தற்காப்பு வரிசை வீரர் ஒருவரை அமெரிக்கக் கால்பந்து அணி பெரும் பணம் கொடுத்து எடுக்கலாமா, வேண்டாமா? இதை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருந்தாய். இப்படிப்பட்டவரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்க ரசிகர்களிடையே இதே பேச்சுதான். பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீரரின் பழைய சாதனைகளிலிருந்து தொடங்குவார்கள். நீ அங்கே தொடங்காதே. அணியில் காலியாக இருக்கும் இடம் எது, அங்கே நிற்கப்போகிறவர் என்ன வேலை செய்யவேண்டும் என்று முதலில் பார். அந்த வேலையை இவர் இதற்குமுன் செய்திருக்கிறாரா, செய்ய மனமிருக்கிறதா என்று அடுத்துக் கேள். எண்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

எண்களை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்றால், தற்காப்பு வரிசையில் எல்லோரும் எண்ணுவது 'சாக்' ஒன்றைத்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் வீழ்த்துவதற்கு அந்தப் பெயர். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை பந்தை நகர்த்தப் பார்க்கும். அதில் ஒரே வீரருக்கு இரண்டு சாக் கிடைத்தாலே பெரிய நாள். மீதி நேரமெல்லாம் அவர் படும் பாடு எந்தப் பட்டியலிலும் ஏறாது. சில அணிகள் முன்வரிசைக்காரரிடம், உனக்கு ஓர் இடைவெளி, அதைப் பிளந்துகொண்டு உள்ளே பாய் என்று சொல்லும். வேறு சில அணிகளிலோ அவர் எதிரே நிற்பவரைக் கைகளால் தாங்கி நிறுத்தி, இரண்டு பக்க இடைவெளியையும் காத்து, பந்தோடு ஓடிவருபவர் திரும்பும் பக்கம் தானும் சாயவேண்டும். பல நேரம் இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ளுவார்கள். அவர் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல் நின்றால், பின்னாலிருக்கும் லைன்பேக்கர் தடையில்லாமல் வந்து பந்துக்காரரைப் பிடிப்பார். பெயரும் லைன்பேக்கருக்கே போய்ச்சேரும். முதல் வேலையில் எண்கள் வளரும், இரண்டாவதில் தேயும். இரண்டுக்கும் அதே பருத்த உடம்புதான் வேண்டும் என்பதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

வாஷிங்டன் அணிக்கு இது மிக விலை உயர்ந்த பாடமானது. டென்னஸி டைட்டன்ஸ் அணியின் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் 2008இல் 8.5 சாக் எடுத்தார். உள்வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அது அபூர்வமான எண். டைட்டன்ஸ் வரிசை பாய்ந்து தாக்கும் வகை. அவரும் அதற்கென்றே பிறந்தவர்போல ஆடினார். 2009 பிப்ரவரி இறுதியில் சந்தை திறந்ததும் வாஷிங்டன் அவருக்கு 7 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதில் 4 கோடியே 10 லட்சம் உறுதிசெய்யப்பட்ட பணம். முதல் ஆண்டே தன்னைப் பயன்படுத்தும் விதம் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அணி 16 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்றது. 2010இல் புதிய பயிற்சியாளர் மைக் ஷனஹன் வந்து, முன்னால் மூன்று பேரை மட்டும் நிறுத்தும் முறைக்கு அணியை மாற்றினார். அந்த முறையில் நடுவில் நிற்பவர் தாங்கிப் பிடிப்பவர். நாகஸ்வர வித்வானை வரவழைத்து ஒத்து ஊதச் சொன்னதுபோல ஆயிற்று. ஒத்தும் கச்சேரிக்குத் தேவைதான், ஆனால் அவர் அதற்காக வரவில்லை. சண்டை முற்றி, அந்த டிசம்பரில் கடைசி 4 ஆட்டங்களுக்கு அணியே அவரை இடைநீக்கம் செய்தது. இரண்டு பருவங்களில் 20 ஆட்டங்கள், 6.5 சாக். 2011இல், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் ஐந்தாம் சுற்று வாய்ப்புக்கு ஈடாக, நியூ இங்கிலாந்து அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

முறை என்ன செய்யும், அவர் சோம்பேறி, உடற்தகுதித் தேர்விலேயே தேறாதவர் என்று நீ சொல்லலாம். 2010 கோடைப் பயிற்சி முகாமில் அவர் அந்தத் தேர்வில் மீண்டும் மீண்டும் தவறியது உண்மைதான், அந்தப் பழியை அவர்மேலிருந்து நான் இறக்கிவைக்கவில்லை. ஆனால் அதுவும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுதானே? டென்னஸியில் 7 ஆண்டுகளில் எடுத்த 24 சாக்கில் 14.5 கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை. ஒப்பந்தம் நெருங்கும்போது ஏறிய வரைகோடு அது. அந்த நல்ல ஆண்டுகளிலும் அவர் முழுப் பருவமும் ஆடவில்லை. காலியிடத்திலிருந்து யோசித்திருந்தால் வாஷிங்டன் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கும். சந்தையில் உள்ள பெரிய பெயர் எது என்பதிலிருந்து யோசித்ததால் கேட்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ரெஜி ஒயிட்டிடமிருந்து வருகிறது. பிலடெல்பியாவில் 121 ஆட்டங்களில் 124 சாக் எடுத்தவர். இந்தச் சுதந்திரச் சந்தை 1993இல் பிறக்கக் காரணமான வழக்கே அவர் பெயரில் நடந்ததுதான். அந்த ஆண்டு கிரீன் பே அணி 31 வயதான அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தது. அதிகம், வயதாகிவிட்டது என்ற பேச்சையெல்லாம் தாண்டி, அங்கே 6 பருவங்களில் 68.5 சாக் எடுத்தார். 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் மூன்று முறை எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். மகத்தான வீரர் எங்கே போனாலும் மகத்தானவர்தான், இடத்தை அளப்பது வீண் வேலை என்று இதிலிருந்து வாதிடுவார்கள். எனக்கு இது என் வாதத்துக்கே சாட்சியாகப் படுகிறது. கிரீன் பே அவரிடம் புதிய வேலை எதுவும் கேட்கவில்லை. விளிம்பில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதையே கேட்டது. எட்டு ஆண்டுகளாக அவர் இடைவிடாமல் செய்துவந்த வேலை அது.

ஆகச் சிறிய செலவில் இதைச் சரியாகச் செய்தது 2022இன் பிலடெல்பியா ஈகிள்ஸ். தொடர்ந்து வென்றுகொண்டிருந்த அந்த அணியின் நடுவரிசை இளைஞர் ஜோர்டன் டேவிஸ் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். நவம்பர் 14 அன்று வாஷிங்டன் 49 முறை பந்தோடு ஓடி, 152 கெஜம் எடுத்து, ஈகிள்ஸுக்கு முதல் தோல்வியைத் தந்தது. ஓட்டை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே வாரத்தில் 34 வயது லின்வால் ஜோசப்பையும் 35 வயது இண்டமுகன் சூவையும் எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அதுவரை இருவரும் எந்த அணியிலும் இல்லை. சாக் எண்ணிக்கைக்காக அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஆட்டத்தில் சில முறை இறங்கி நடுவை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும், மற்றவர்களின் கால்கள் ஓய்வெடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தமும் அந்தப் பருவத்துக்கு மட்டும். அணி சூப்பர் பவுல் வரை போனது.

அங்கே கன்சாஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றதைக் காட்டி, என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பருவத்தில் 70 சாக் எடுத்த வரிசை அன்று எதிரணி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்தவில்லை, ஓட்டத்திலும் எதிரணி தாராளமாக முன்னேறியது. கிழவர்கள் அன்று காப்பாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஒப்பந்தத்தை அது கையெழுத்தான நாளில் தெரிந்தவற்றை வைத்தும் வாங்கிய வேலையை வைத்தும் எடைபோடு. ஓர் இரவின் முடிவை அதன் தலையில் கட்டாதே.

விலையைப் பற்றி ஒன்று. செய்தியில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதே, ஏமாறவும் செய்யாதே. இந்த விளையாட்டில் ஒப்பந்தத்தின் பின்னாண்டுகளை அணி பெரும்பாலும் கைவிட்டுவிடலாம். திரும்பாதது உறுதிசெய்யப்பட்ட பகுதிதான். ஊதிய உச்சவரம்பு இருப்பதால் அது வேறொரு வீரரிடமிருந்து எடுத்த பணமும்கூட. நாம் எடுக்காவிட்டால் எதிரி எடுத்துவிடுவானே என்ற பயம் அணிகளை உந்துகிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் 140 கிலோ உடம்போடு வேகமாக நகரக்கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான். ஆனாலும் 2009இல் ஹேன்ஸ்வொர்த்தை வாஷிங்டனிடம் இழந்த அணிகளில் எதுவும் 2010 டிசம்பரில் வருந்தியிருக்காது.

அன்புடன்,
உன் அண்ணன்