மாடியில் மல்லி மொட்டு விடுகிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னைக்கு வசந்தம் என்றால் மல்லிதான். பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதியில் குவியும் குண்டுமல்லி, உங்கள் மாடித் தொட்டியிலும் பூக்கும். நன்றாக இருந்த செடிகள் இந்தச் சில வாரங்களில் வீணாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் இன்றே ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியவை

• தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் இலைதான் தழைக்கும்.

• காலையிலேயே, அடித்துளையில் வழியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் வேர் வரை இறங்காது.

• பூத்து முடிந்த கிளைகளின் நுனியைக் கிள்ளுங்கள். புதுத் துளிரில்தான் அடுத்த மொட்டு வரும். முழுக் கவாத்து நவம்பர் கடைசியில்.

• தினமும் மொட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை மொட்டு ஊதா நிறமாகி, பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஓட்டை இருந்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கிறது. கிள்ளி எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பூப்பறித்த பிறகு, மாலையில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து அடியுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றாதீர்கள், உப்பு சேரும். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஃப்ளாட்டில் போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம். அதில் சோடியம் அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, இலை ஓரத்தில் கருகல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். மழைநீர் இருந்தால் அதை மல்லிக்கே வையுங்கள்.

• குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வரும் பெட்டூனியா, டயாந்தஸை இப்போது வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் நிற்காது. ரோஜா ஆசை இருந்தால் பன்னீர் ரோஜா வையுங்கள்.

• கடையில் சொல்லும் ரசாயனப் பூச்சிமருந்தை அடிக்காதீர்கள். அந்தப் பூ சாமி படத்துக்கும் குழந்தையின் தலைக்கும் போகிறது.

• தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு ஒரு வாரத்தில் அதிலேயே வளர்ந்துவிடும்.

• மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் செடியைத் தொட்டி மாற்றாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் இந்த வாரமே, சாயங்காலத்தில், வேர்மண் உதிராமல் மாற்றி நான்கு நாள் நிழலில் வையுங்கள்.