பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்

வேப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் அணியும் இரண்டு அணிகள் சேர்ந்தது. பந்தோடு முன்னேறும் 11 பேர் வேறு. எதிரணி முன்னேறும்போது தடுக்கக் களமிறங்கும் 11 பேர் வேறு. தடுப்பவர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டு. எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அடுத்த ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது, யார் யாரை மறிப்பது என்று வகுத்துக் கொடுப்பது அவர் வேலை.

அந்தத் தொழிலில் பெரிய பெயர் டிக் லெபோ. 1959 முதல் 1972 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரராக 14 பருவங்கள் ஆடியவர். எதிரணி எறிந்த பந்தை 62 முறை இடையில் புகுந்து பறித்தவர். ஆடுவதை நிறுத்திய மறுவருடமே பயிற்சியாளரானார். எழுபது வயதைத் தாண்டியும் அந்த வேலையை விடவில்லை. 1980-களில் சின்சினாட்டி அணியில் அவர் வளர்த்தெடுத்த உத்திக்கு 'ஸோன் பிளிட்ஸ்' என்று பெயர். பாய்வார் என்று எதிரணி எண்ணியிருக்கும் ஆள் பின்வாங்கிவிடுவார். யாரும் எண்ணாத ஓர் ஆள் பாய்வார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2006-லும் 2009-லும் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தை வென்றபோது தடுப்பு அவர் பொறுப்பில் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு மிக நெருங்கியது கபடியில் இருக்கிறது. கபடியில் பாடிப் போவதும் பிடிப்பதும் அதே ஏழு பேர்தான். ஆனால் பாடிப் போகும் ரைடருக்குத் தரும் பயிற்சி வேறு, பிடிப்பவருக்குத் தரும் பயிற்சி வேறு. கைதட்டல் பெரும்பாலும் ரைடருக்குப் போகிறது. ஆட்டத்தின் முடிவு பல சமயம் பிடிப்பவர்களின் கையில் இருக்கிறது.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்குப் பாதிக் களம், அதாவது ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் லைன். ரைடர் யாரையாவது தொட வேண்டும், இல்லையென்றால் பால்க் லைனையாவது தாண்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் திரும்பினால் அவர் அவுட். அவருக்குக் கிடைப்பது 30 விநாடி. எதிரே ஏழு பேர் வளைந்து நிற்பார்கள். இரு ஓரங்களிலும் கார்னர், அவர்களை அடுத்து இன், பிறகு கவர், நடுவில் சென்டர். கார்னருக்குக் கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும். கவருக்கு மறிப்பும், தோளால் இடித்து வெளியே தள்ளும் டேஷும்.

பிடித்துவிட்டால் பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. அதற்குமுன் ரைடர் தொட்டது எதுவும் கணக்கில் வராது. விட்டுவிட்டாலோ அவரைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் வெளியே போவார்கள். அவசரப்பட்டு ஒருவர் பாய, அவரைக் காப்பாற்ற இன்னும் இருவர் பாய்ந்து, மூவரும் போவது கிராமத்து ஆட்டங்களில் அடிக்கடி நடப்பது. 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று பயிற்சியாளர்கள் கடிந்துகொள்வது இந்தத் தவறைத்தான். அதனால் தடுப்புப் பயிற்சியின் முதல் பாடம் பிடி அல்ல, பொறுப்பது.

வேப்பூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியற்காலையில் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். மிரண்ட ஆட்டைப் பிடிக்கும் கைதேர்ந்த ஆள் அதன் முகத்துக்கு நேரே ஓடுவதில்லை. ஓரமாக நிற்கிறார். ஆடு திரும்பும் கணத்தில், உடலின் எடை மறு காலுக்கு மாறும்போது, பின்னங்காலை எட்டிப் பிடிக்கிறார். உடனே இன்னொருவர் கழுத்தை அணைக்கிறார். நல்ல கார்னர் செய்வதும் இதுதான். ரைடர் உள்ளே வரும்போது அவர் பின்வாங்கி இடம் கொடுப்பார். ரைடர் கால் நீட்டித் திரும்ப முயலும் அந்த ஒரு கணத்தில் முழங்கால் மடித்துக் கீழிறங்கி, இரு கையாலும் கணுக்காலைக் கட்டுவார். அதே நேரத்தில் கவர் வந்து நடுக்கோட்டுப் பக்கம் மறிக்க வேண்டும். கவர் அரை விநாடி பிந்தினால் கார்னரின் பிடி வீண். ரைடர் அவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். கார்னரையும் கவரையும் ஒரே மூச்சில் அசைய வைப்பதற்குத்தான் பயிற்சியாளருக்கு மாதங்கள் பிடிக்கின்றன.

எண்ணிக்கை குறையக் குறைய வேலை மாறும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆறு பேருக்குக் குறைந்தால், போனஸ் லைனைத் தாண்டினாலும் ரைடருக்கு போனஸ் புள்ளி கிடையாது. அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது ரைடில் எதிரணி புள்ளி எடுத்தே ஆக வேண்டும். புரோ கபடி லீக்கில் இதை 'டூ ஆர் டை' என்கிறார்கள். ஓர் அணி வேண்டுமென்றே இரண்டு ரைடையும் தொடவிடாமல் கழித்து, மூன்றாவதற்காகக் காத்திருந்து பிடிப்பது தடுப்புப் பயிற்சியாளரின் கணக்கு.

இந்தக் கணக்கை உடம்பால் கற்றவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975-இல் பிறந்தவர்; வலது கார்னர். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவருடைய பெயர் பெற்ற காலம் தொடங்கியது. 2016-இல் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்று, இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை வென்று கோப்பையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் 41 வயதில் இடம்பெற்றார். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸின் தலைவர். ஹரியானாப் பையன்களும் மராட்டியப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். வேகத்தில் இளைஞரோடு போட்டி போட முடியாத வயதில் எங்கே நிற்பது, எப்போது இறங்குவது என்ற அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஆடியவர் அவர். பயிற்சியாளர் ஆவதற்கு இதைவிடத் தகுந்த பள்ளிக்கூடம் இல்லை. 2024-இல் தமிழ் தலைவாஸ் அணி ஜே. உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் அமர்த்தியது.

இந்த வேலையில் ஏற்றமும் இறக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2014-இல் முதல் பருவக் கோப்பையை ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் வென்றபோது பயிற்சியாளர் கே. பாஸ்கரன். அவரே 2017-இல் புதிதாக உருவான தமிழ் தலைவாஸுக்கு வந்தார். அணி தன் பிரிவில் கடைசி இடம் பிடித்தது. அறிவு மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள், சேர்ந்து பழகும் காலம் போதவில்லை. தோற்ற பருவத்தை வைத்து மட்டும் ஒரு பயிற்சியாளரை எடைபோடுவது நியாயமில்லை.

தடுப்பின் வலிமையை இந்தியா கசப்பாக அறிந்தது 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில். 1990 முதல் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற ஆடவர் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. இந்தியாவின் பெயர்பெற்ற ரைடர்களை ஈரானியர் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தார்கள். மகளிர் இறுதி ஆட்டத்திலும் ஈரான் 27-24 என்று இந்தியாவை வென்றது. அந்த மகளிர் அணியின் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். தன் நாட்டை எதிர்த்து ஆட அணியைத் தயார்செய்வது எளிய மனநிலை அல்ல. ஆனாலும் பயிற்சியாளரின் கடமை தன்னை நம்பி நிற்கும் பிள்ளைகளுக்கே. அதை அவர் முழுமையாகச் செய்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் வழி இரண்டு கட்டம் கொண்டது: முதலில் களம், பிறகு படிப்பு. விருத்தாசலத்தில் கையால் பழகும் பீங்கான் வேலைக்கென்று அரசு தொழில்நுட்பப் படிப்பு இருப்பதுபோல, களத்தில் பழகிய ஆட்டத்துக்கும் படிப்பு உண்டு. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் அதில் முதன்மை, 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்று விளையாட்டு வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். நம் கடலூர் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டில் உரிய தகுதி பெற்றவருக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. சம்பளம் வரும் வேலை ஒன்று கையில் இருந்தால் மாலையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க மனம் நிம்மதியாக இருக்கும். படிப்பில் உடற்கூறு, காயத் தடுப்பு, பயிற்சித் திட்டம் எல்லாம் வரும். கணுக்கால் பிடிப்பவருக்கு முழங்காலும் விரல்களும் அடிபடலாம் என்பதால், காயம் பற்றிய பாடத்தைத் தடுப்புப் பயிற்சியாளர் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆட்ட நாளில் தடுப்புப் பயிற்சியாளர் பேசுவது குறைவு. டைம் அவுட்டில் கிடைக்கும் சில விநாடிகளில் பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் மண்டையில் ஏறாது. 'இடது கார்னர் ஓர் அடி உள்ளே நில். அவன் வலது காலைத்தான் நீட்டுகிறான்.' இந்த அளவு போதும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நாள் பார்வை இருக்கிறது.

தம்பி, கார்னரில் நிற்கும் பிள்ளைகள் அந்தப் பார்வையை இன்றே தொடங்கலாம். அடுத்த ஊர்ப் போட்டிக்குப் போகும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப் போ. எந்த ரைடர் எந்தப் பக்கம் நுழைகிறார், எந்தக் காலை முதலில் நீட்டுகிறார், எத்தனையாவது விநாடியில் திரும்புகிறார் என்று எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்