கைபேசி வந்த வீட்டில் வக்து பேணுதல்

ஐவேளைத் தொழுகையும் ரமலான் நோன்பும் நேரத்தோடு பிணைக்கப்பட்ட கடமைகளாகும். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதற்குத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 103-ஆம் வசனம் ஆதாரமாக இருக்கிறது. வக்து வருமுன் தொழுதால் அத்தொழுகை நிறைவேறாது. வக்து கடந்து தொழுதால் அது களாவாகிவிடும். ஆகவே வக்து வந்ததை அறிவதைத் தொழுகையின் ஷர்த்துகளில் ஒன்றாக நம் இமாம்கள் வகுத்துள்ளனர்.

நம் முன்னோர் நிழலை அளந்தும், கீழ்வானத்தின் வெளுப்பைப் பார்த்தும் வக்தை அறிந்தார்கள். பின்னர் சுவர்க் கடிகாரம் வந்தது. சாவி கொடுக்கும் அலாரம் வந்தது. பள்ளிவாசலில் அச்சிட்டுத் தந்த வக்து அட்டை சமையற்கட்டுச் சுவரில் தொங்கியது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கிப்லா காம்பஸ் கொண்டு வந்தார்கள். இன்றோ இவை அத்தனையின் வேலையையும் ஒரு ஸ்மார்ட் போன் செய்கிறது. பட்டன் போனோடு காலம் கழித்த பெரியவர்களுக்கும் பிள்ளைகள் அதை வாங்கித் தந்துவிடுகிறார்கள். இது அல்லாஹ் நமக்குத் தந்த வசதி. இதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் கருவி மாறும்போது கவனிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. அவற்றை நாம் நம் வீட்டில் நேர்ந்த ஒரு தவறினால்தான் கற்றோம்.

நமக்கு நேர்ந்தது

2024-ஆம் ஆண்டு ரமலானுக்குச் சற்று முன்பு நம் வீட்டுக்கு முதல் ஸ்மார்ட் போன் வந்தது. வெள்ளையடித்தபோது கழற்றிய வக்து அட்டையைத் திரும்ப மாட்டவில்லை. அலாரம் கடிகாரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். எல்லாம்தான் போனில் இருக்கிறதே என்ற எண்ணம்!

ஓர் இரவு ஸஹர் நேரத்தில் மின்சாரம் நின்றது. மோதினார் வாயால் சொன்ன பாங்கு நம் தெரு வரை எட்டவில்லை. போனைப் பார்த்தோம், ஸஹர் முடிய இன்னும் பத்து நிமிடம் என்று காட்டியது. நிம்மதியாகத் தேநீர் குடித்து, தண்ணீரும் அருந்தி நிய்யத்து வைத்தோம். பள்ளிக்குப் போனால் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்கள். இமாம் ஹஸரத் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நம் ஊர்க் கணக்கல்ல, அமெரிக்கக் கணக்கு” என்றார்கள்.

இரவு இன்னும் இருக்கிறது என்று எண்ணி உண்டு, பின்னர் வைகறை வந்துவிட்டிருந்தது என்று தெளிவானால், அன்று மாலை வரை நோன்பாளியைப் போலவே இருந்து, பின்னர் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும், கப்பாரா இல்லை. ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து நோன்பும் போயிற்று. “எனக்கு இன்னொரு ரமலான் கிடைக்குமோ என்னவோ” என்று நம் உம்மா அழுததை நாம் இன்னும் மறக்கவில்லை.

பாகைக் கணக்கு

இத்தவறு எப்படி நேர்ந்தது? ஸுப்ஹு வக்து வைகறை வெளுப்பில் தொடங்குகிறது. அவ்வேளையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும் என்பதில் கணக்கிடுவோரிடையே வேறுபாடு உண்டு. தொழுகைச் செயலிகளில் ‘கணக்கு முறை’ என்ற பகுதியைத் திறந்தால் சில பெயர்கள் வரும். கராச்சிப் பல்கலைக்கழக முறையிலும் முஸ்லிம் வேர்ல்ட் லீக் முறையிலும் ஸுப்ஹுக்கு 18 பாகை. உம்முல் குரா முறையில் 18.5, எகிப்திய முறையில் 19.5, வட அமெரிக்காவின் இஸ்னா முறையில் 15.

நம் தமிழ்நாட்டில் 18-க்கும் 15-க்கும் இடையே 12 முதல் 14 நிமிடம் வரை வித்தியாசம் வரும். 15 பாகையில் வைத்திருந்தால் ஸஹர் முடிந்த பிறகும் உண்ண நேரும். 19.5-இல் வைத்திருந்தால் ஸஹருக்குத் தீங்கில்லை. ஆனால் அந்த நேரத்தில் உடனே ஸுப்ஹுத் தொழுதால் வக்து வருமுன் தொழுததாகிவிடலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இது: பள்ளிவாசல் வக்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த முறை அதோடு பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரிரு நிமிட வேறுபாட்டைச் சரிசெய்யவும் பெரும்பாலான செயலிகளில் வசதி உண்டு. புரியாவிட்டால் போனை இமாமிடம் காட்டிக் கேட்பதில் வெட்கமில்லை.

ஊரின் பெயரையும் பார்க்க வேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் சூரியன் மறைவதில் காலத்துக்கேற்ப 10 முதல் 17 நிமிடம் வரை வித்தியாசம் உண்டு. சென்னையில் வாங்கிய போன் கோவைக்கு வந்தும் சென்னை நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தால், சூரியன் மறையுமுன்னே நோன்பு திறக்க நேரிடும்.

அஸரும் மத்ஹபும்

ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் அளவுக்குச் சமமாகும்போது ஷாபிஈ மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. ஹனபி மத்ஹபில் அது இரு மடங்காக வேண்டும். நம் பகுதியில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் உண்டு. செயலிகளில் ‘ஸ்டாண்டர்டு’ என்று இருப்பது ஷாபிஈ நேரமாகும். ‘ஹனபி’ என்பது தனியாக இருக்கும். அதை மாற்றாவிட்டால், வீட்டில் தொழும் ஹனபிப் பெண்கள் தம் மத்ஹபின் வக்து வருமுன்னே அஸரை முடித்துவிடுவார்கள். வீட்டில் எந்த மத்ஹபோ அதைப் பார்த்து வைப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

அலாரம்

செயலியில் ஒலிக்கும் பாங்கை மட்டும் நம்பித் தூங்க வேண்டாம். பாட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல போன்கள் இத்தகைய செயலிகளைத் தாமே நிறுத்தி வைத்துவிடுகின்றன. போனிலேயே உள்ள கடிகார அலாரத்தை வைப்பது அதைவிட உறுதியானது. அலாரத்தின் சத்தத்துக்குத் தனி அளவு உண்டு. அதையும் கூட்டி வைக்க வேண்டும். பாட்டரி தீர்ந்து அணைந்துபோன போன் எழுப்பாது. ஸஹருக்கும் ஸுப்ஹுக்கும் பழைய அலாரம் கடிகாரம் ஒன்று தலைமாட்டில் இருப்பது நல்லது.

கிப்லா

ஊருக்குள் பள்ளிவாசலின் மிஹ்ராபே நமக்கு முதல் ஆதாரம். போன் காட்டும் திசை பயணத்திலும் புது வீட்டிலும் உதவும். அது காந்த உணர்வியால் இயங்குவது. இரும்பு பீரோ, ஒலிபெருக்கி, காந்தம் வைத்த போன் உறை ஆகியவற்றின் அருகில் முள் திசை மாறும். விலை குறைந்த சில போன்களில் அந்த உணர்வியே இராது. எனவே உறையைக் கழற்றி, வெளியில் நின்று, போனை எட்டு என்ற எண் வடிவில் சிலமுறை அசைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வடக்கே சாய்வு சென்னையில் சுமார் 18 பாகை, நாகூரில் 21, காயல்பட்டினத்தில் 24 என்று காட்டினால் அது சரியே.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழியும் உண்டு. ஆண்டுதோறும் மே 28 அன்று நம் நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16 அன்று 2.57-க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. (லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாக.) அவ்வேளையில் வெயிலில் ஒரு கம்பை நேராக நட்டு, நிழலின் முனையிலிருந்து கம்பை நோக்கி நின்றால் அதுவே கிப்லா.

பிறைத் தேதி

போனில் தெரியும் ஹிஜ்ரித் தேதி முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தது. பிறை கண்டு சொன்னதல்ல. நோன்புக்கும் பெருநாளுக்கும் தலைமைக் காஜியின் அறிவிப்பையும் ஜமாஅத்தின் முடிவையுமே எதிர்பார்க்க வேண்டும்.

பழைய சாமான்கள்

புதியது வந்த அன்றே பழையதை எறிவது வீண் விரயம். நம் அனுபவத்தில் அது ஆபத்தாகவும் முடிந்தது. குறைந்தது ஒரு மாதம் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் வக்து அட்டையைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம். அதற்குப் பாட்டரி வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரிந்த சிறு பிள்ளையும் அதைப் பார்த்து நேரம் சொல்லும். தேவைக்கு மிஞ்சிய கடிகாரத்தையும் டார்ச் விளக்கையும் இல்லாத வீட்டுக்குக் கொடுத்தால் ஸதகாவின் நன்மையும் சேரும்.

நம் வீட்டில் இப்போது வக்து அட்டை மீண்டும் சமையற்கட்டில் தொங்குகிறது. அந்த ஐந்து நோன்புகளையும் ஷவ்வாலிலேயே களாச் செய்து முடித்தோம். உம்மாவே முதலில் நோற்றார்கள், அல்ஹம்து லில்லாஹ். கருவி நமக்கு நேரத்தைச் சொல்லலாம். அது சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. இதைப் படிக்கும் சகோதர சகோதரிகள் இன்று மஃரிபுக்கு முன்பே தம் வீட்டுப் போனை எடுத்து, கணக்கு முறை, ஊர், மத்ஹபு ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிடும்படி வேண்டுகிறோம். நம் தொழுகைகளையும் நோன்புகளையும் உரிய நேரத்தில் நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.