நான்கு தீர்ப்புகள்



சுயாதீனத் திரைப்பட விழா என்பது, பெரிய நிறுவனங்களின் முதலீடும் விநியோக பலமும் இன்றி எடுக்கப்பட்ட படங்கள் உலகின் கண்ணில் முதன்முதலாகப் படும் இடம். அங்கே ஒரு படம் தேர்வு, விருது, பார்வையாளர் வரவேற்பு, விற்பனை என நான்கு தீர்ப்புகளைச் சந்திக்கிறது. இந்நான்கையும் வழங்குவோர் வெவ்வேறானவர்கள். அவர்கள் கையாளும் அளவுகோல்களும் வெவ்வேறானவை. ஒரு தீர்ப்பை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதிலிருந்தே விழாக்களின் மிகையான மகிழ்ச்சியும் மிகையான ஏமாற்றமும் பிறக்கின்றன என்பதற்கு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை நகரமான பார்க் சிட்டியில் பல பத்தாண்டுகள் நடந்துவந்த சன்டான்ஸ் விழாவின் வரலாறே போதிய சான்று. 1978இல் சால்ட் லேக் சிட்டியில் வேறொரு பெயரில் தொடங்கிய அவ்விழா, நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981இல் நிறுவிய சன்டான்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் பின்னர் வந்து, 1991 முதல் இன்றைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதல் தீர்ப்பு தேர்வு. 2024ஆம் ஆண்டு விழாவுக்கு வந்த முழுநீளப் படங்கள் 4,400க்கும் மேற்பட்டவை. திரையிடப்பட்டவை நூறுக்கும் குறைவு. தேர்வாளர்கள் நல்ல படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதோடு நில்லாமல், நாடு, மொழி, பொருள், வகைமை ஆகியவை ஒன்றையொன்று மறைத்துவிடாதபடி ஒரு நிகழ்ச்சி நிரலையும் வடிவமைக்கிறார்கள். ஆகவே ஒரே பொருளில் இரண்டு நல்ல படங்கள் வந்தால் அவற்றுள் ஒன்று வெளியே நிற்க நேர்வதும் உண்டு. இவ்வாறு வெளியே நின்ற இயக்குநர்கள் சிலர் 1995இல் அதே ஊரில், அதே நாட்களில் ஸ்லாம்டான்ஸ் என்னும் மாற்று விழாவைத் தொடங்கினர். கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' 1999இல் திரையிடப்பட்டது அந்த மாற்று விழாவில்தான். அடுத்த படமான 'மெமெண்டோ' 2001இல் சன்டான்ஸ் போட்டியில் இடம்பெற்றுத் திரைக்கதைக்கான விருதையும் வென்றது. நிராகரிப்புக் கடிதம் ஓர் ஆண்டின் நிரலைப் பற்றிய செய்தியே அன்றி, இயக்குநரின் திறனைப் பற்றிய சான்றிதழ் அன்று.

இரண்டாம் தீர்ப்பு விருது. நடுவர் குழு என்பது ஒரு சிலர் கூடி, வாதிட்டு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து முடிவெடுக்கும் சிறு அவை. சன்டான்ஸ் நடுவர்கள் 1992இல் பெரும்பரிசுக்குத் தேர்ந்த படம் அலெக்சாண்டர் ராக்வெலின் 'இன் த சூப்'. அதே போட்டியில் இருந்த குவென்டின் டரான்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' பரிசு எதுவுமின்றித் திரும்பியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, ஸ்டீவன் சோடர்பர்கின் 'செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்' நடுவர்களின் பெரும்பரிசைப் பெறாமல் பார்வையாளர் விருதை மட்டும் பெற்றது. சில மாதங்களில் கான் விழா அதற்குத் தன் உயரிய விருதான தங்கப்பனையை அளித்தது. இதனால் சன்டான்ஸ் நடுவர்கள் தவறிழைத்தார்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்த அறையில், அந்த வாரத்தில், அந்தச் சிலருக்கிடையே எட்டப்பட்ட உடன்பாடு அது. அதற்கு மேற்பட்ட அதிகாரம் அதற்கு இல்லை.

மூன்றாம் நான்காம் தீர்ப்புகளாகிய வரவேற்பும் விற்பனையும் பின்னிப் பிணைந்தவை. விழா அரங்கில் அமர்ந்திருப்போர் கடுங்குளிரில் வரிசையில் நின்று நுழைந்த திரைப்பட ஆர்வலர்கள். அவர்களது சிரிப்பும் கைதட்டலும் கட்டணம் செலுத்திப் படம் பார்க்கும் பொதுமக்களின் மனநிலையை முன்கூட்டிச் சொல்வதில்லை. 1999இல் சன்டான்ஸ் அரங்கைச் சிரிப்பில் ஆழ்த்திய 'ஹேப்பி, டெக்சாஸ்' சுமார் ஒரு கோடி டாலருக்கு விலைபோனதாகப் பேசப்பட்டது; திரையரங்குகளில் அது இருபது லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அதே விழாவில் ஏறக்குறைய பதினொரு லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' உலகெங்கும் இருபத்து நான்கு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மேலும், அறிவிக்கப்படும் தொகை இயக்குநரின் கைக்கு அப்படியே வருவதும் இல்லை. தமிழ்த் திரைத்தொழிலில் 'எம்.ஜி.' எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைப் போன்று அங்கும் ஒரு முன்பணம் தரப்படுகிறது. விற்பனை முகவரின் கழிவும் முதலீட்டாளர்களின் பங்கும் போக எஞ்சுவதே படைப்பாளிக்குரியது.

தமிழில் இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழா 2021இல் அதற்குப் புலி விருதை வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு விழா இணையவழியில் நடந்தமையால், நிறைந்த அரங்கின் வரவேற்பு என்னும் தீர்ப்பு அப்படத்துக்கு அங்கே வாய்க்கவில்லை. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாக அனுப்பப்பட்டபோதும் இறுதிச் சுற்றுக்கு முந்தைய பதினைந்து படங்களின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. உள்நாட்டில் திரையரங்குக்கு வராமலே 2023 அக்டோபரில் ஓடிடி தளத்தில் வெளியானது. ஆயினும், அவ்விருது ஏற்படுத்திய கவனம் வீண்போகவில்லை: வினோத்ராஜின் இரண்டாம் படமான 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளிலும் வெளியானது.

ஆகவே இளம் இயக்குநர் விண்ணப்பிக்கும் முன்பே, இந்நான்கில் எது தன் படத்துக்கு உண்மையில் தேவை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். விநியோகம் வேண்டுவோர் வாங்குவோர் கூடும் விழாவையும், அடுத்த படத்துக்கு முதலீடு தேடுவோர் ராட்டர்டாமின் சினிமார்ட், கோவாவின் ஃபிலிம் பஜார் போன்ற கூட்டுத் தயாரிப்புச் சந்தைகளையும் நாடுவது பயன் தரும். பல விழாக்கள் போட்டிப் பிரிவுக்கு வேறெங்கும் திரையிடப்படாத படங்களையே கேட்பதால், முதல் திரையிடல் என்னும் ஒருமுறை மட்டுமே செலவழிக்கக்கூடிய உரிமையை அவசரப்பட்டுச் சிறு விழாவுக்கோ இணையத்துக்கோ கொடுத்துவிடலாகாது. ஒப்பந்தம் கைக்கு வரும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன்பு, எந்தெந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த ஊடகங்களுக்கு உரிமை கேட்கப்படுகிறது என்பதை வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் படிக்க வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது, இரண்டாம் படத்தின் திரைக்கதையை விழாவுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிடுவது. முதல் படத்தைக் கண்டு மெச்சுவோர் அடுத்துக் கேட்கும் கேள்வி அதைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குக் கையில் விடை வைத்திருப்பவருக்கு விருது ஒரு வாய்ப்பாகிறது, விருதின்மை ஒரு தாமதம் மட்டுமே ஆகிறது. விழாவின் நான்கு தீர்ப்புகளும் முடிந்துபோன படத்தைப் பற்றியவை. இனி எடுக்கப்போகும் படத்தின் மீது அவற்றுள் எதற்கும் அதிகாரம் இல்லை.