விசிலைக் கையில் எடுக்கும் முன்

கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கத்திலோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் மைதானத்திலோ பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியவருக்கு முப்பதை நெருங்கும்போது முட்டி வலிக்கத் தொடங்கும். ‘இனி கோச் ஆகிவிடலாம்’ என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஐந்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஹாக்கி கோல்கீப்பர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ் 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். அந்தக் கையோடு இந்திய ஜூனியர் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அதே ஆண்டு டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பையைத் தூக்கியது அவருடைய அணி. 2025 டிசம்பரில், நம் சென்னையில், அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தி ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம். கோல்கீப்பருக்கு மைதானம் முழுவதும் கண்ணெதிரே விரிந்திருக்கும். முன்னால் நிற்பவர்களைக் கத்திக் கத்தி ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. பாதிப் பயிற்சியாளர் வேலையை ஆடும்போதே செய்துகொண்டிருந்தவர் அவர்.

பதக்கம் வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்த அணியின் கேப்டன் நம் வாசுதேவன் பாஸ்கரன். 2000 சிட்னியில் அவரே பயிற்சியாளர். போலந்தோடு முன்னிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் விழுந்து 1-1 ஆனது, அரையிறுதி போனது, இந்தியா ஏழாமிடம். பக்கக் கோட்டுக்கு வெளியே நிற்பவரால் அந்தப் பந்தைத் தடுக்க முடியாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் இந்த வேலையில் தாங்க முடியாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஐஸ் ஹாக்கியில் வெய்ன் கிரெட்ஸ்கியைவிடப் பெரிய பெயர் கிடையாது. அவர் பயிற்சியளித்த ஃபீனிக்ஸ் அணி நான்கு சீசன்களில் ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. மாறாக, அதே விளையாட்டில் தலையில் அடிபட்டு இளம் வயதிலேயே ஆட்டம் முடிந்துபோன ஸ்காட்டி போமன், பயிற்சியாளராக ஒன்பது ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். மாவட்ட அணியோடு ஆட்டம் நின்றுபோனவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, படிப்பு. நம் பக்கத்தில் பலர் குழம்புவது இங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.பி.எட். முடித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.டி. மாஸ்டர் ஆகலாம். ஒரு விளையாட்டுக்கென்று பயிற்சியாளராக வேண்டுமானால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டு டிப்ளமோதான் பெரிதாக மதிக்கப்படும். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஆகவே ஆட்டத்துக்காக டிகிரியை நடுவில் விடாதீர்கள். ஓராண்டு ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு அங்கேயே ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. கால்பந்து என்றால் வழி வேறு: அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் ‘டி’ லைசென்ஸில் தொடங்கி ‘சி’, ‘பி’, ‘ஏ’ என்று ஏற வேண்டும். ‘டி’ சில நாள் படிப்புதான், ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.

சான்றிதழ்களையும் இப்போதே திரட்டுங்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்பவர் படிவம் 1, 2, 3 என்று எது பொருந்துமோ அதைக் காட்ட வேண்டும். தேசியப் போட்டி என்றால் மாநிலச் சங்கத்தின் கையெழுத்து, பல்கலைக்கழகப் போட்டி என்றால் பல்கலைக்கழகத்தின் கையெழுத்து. சங்க நிர்வாகிகள் மாறிய பிறகு பழைய போட்டிக்குக் கையெழுத்து வாங்க அலைவது கொடுமை. போட்டி முடிந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

வேலையில் இருந்தபடி ஆடுவதும் ஒரு வழி. இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய நம் கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். வீட்டுச் செலவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தால் பயிற்சியாளர் வாழ்க்கையின் மெலிந்த முதல் வருடங்களைத் தாண்டிவிடலாம். பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பயிற்சியாளராக ஒரு பெண் இருந்தால்தான் மகளை மைதானத்துக்கு அனுப்புவோம் என்னும் குடும்பங்கள் நம் கிராமங்களில் நிறைய. உங்களுக்கான இடம் அங்கே காலியாகவே இருக்கிறது.

முன்னாள் வீரர்களை வைத்தே மத்திய அரசு நடத்தும் ‘கேலோ இந்தியா’ மையங்கள் பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள், சீசன் இல்லாத மாதங்களில் உங்கள் பழைய கோச்சிடம் போய் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் குழுவைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்பதை முதல் நாள் இரவே நோட்டில் எழுதுங்கள். பயிற்சி முடிந்ததும் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று அதே பக்கத்தில் குறியுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது பதக்கங்களோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.